56 ஏ.பி.ஓ. சொல்லாததை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் சொல்லலாமா?

காட்பாடி ரயில் நிலையம். விடுமுறை முடிந்து பட்டாளத்துக்குத் திரும்பும் மகனை வழியனுப்ப குடும்பமே வந்து நிற்கிறது. அம்மா கையில் முறுக்கு டப்பா. அப்பா கையில் தண்ணீர் பாட்டில். அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு தங்கை ஒரு செல்ஃபி எடுக்கிறாள். ரயில் நகர்கிறது. எல்லோர் கண்ணிலும் நீர்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, தங்கையின் ஸ்டேட்டஸ் வந்துவிட்டது. 'மிஸ் யூ அண்ணா. இனி ஆறு மாசம் கழிச்சுத்தான் பார்ப்போம்.' செல்ஃபிக்குப் பின்னால் ரயில் பெட்டியின் எண்ணும், ரயிலின் பெயர்ப் பலகையும் தெளிவாகத் தெரிகின்றன.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரு வரி போடுகிறார். 'இந்தத் தடவை பனி இருக்கிற இடம். முருகா, நீதான் துணை.' சொந்தக்காரர்கள் நூறு பேர் இருக்கும் குரூப்பில் தாய்மாமன் பெருமையாகச் சொல்கிறார். 'மாப்பிள்ளையோட யூனிட்டே மொத்தமா இடம் மாறுதாம். 20-ம் தேதிக்குள்ள எல்லாரும் வந்து சேரணும்னு ஆர்டராம்.' கூடப் படித்த நண்பன், மகன் சீருடையில் இருக்கும் பழைய படத்தைப் போட்டு, 'எங்கள் ஊர் சிங்கம்' என்று எழுதுகிறான். படத்தில் தோள்பட்டைச் சின்னம் பளிச்சென்று தெரிகிறது.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால், ராணுவத்தில் பிள்ளை இருக்கும் எந்த வீட்டுக்கும் இது புதிய காட்சி அல்ல.

நான்கு பேரும் பாசத்தில்தான் பேசினார்கள். ஒருவர்கூட ராணுவ ரகசியம் எதையும் சொல்லவில்லை. ஆனால், முன்பின் தெரியாத ஒருவர் இந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் என்ன ஆகும்? எந்தப் படைப்பிரிவு, எந்தத் திசைக்கு, எந்தத் தேதிக்குள், எத்தனை மாதத்துக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். உளவாளி வேண்டாம், திருட்டுச் சாவி வேண்டாம், ஒரு செல்போன் போதும்.

ஊர் பெயர் இல்லாத முகவரி

வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே அழைப்பார்கள். அது போன்ற ஊர்களில், பட்டாளத்துக்காரர் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால் கட்டுக்கட்டாகக் கடிதங்கள் கிடைக்கும். அந்தக் கடிதங்களின் முகவரியில் ஒரு விசேஷம் உண்டு. சிப்பாயின் எண் இருக்கும், பெயர் இருக்கும், யூனிட் இருக்கும். கடைசி வரியில் 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' என்று முடிந்துவிடும். ஊர் பெயர் இருக்காது. மாவட்டமோ மாநிலமோ இருக்காது.

ஏ.பி.ஓ. என்றால் ராணுவ அஞ்சலகம். மகன் சியாச்சின் பனியில் இருந்தாலும் சரி, ராஜஸ்தான் மணலில் இருந்தாலும் சரி, அம்மா எழுதும் முகவரி மாறாது. கடிதம் முதலில் ராணுவ அஞ்சல் சேவையின் மைய நிலையத்துக்குப் போகும். அந்த யூனிட் இப்போது எங்கே இருக்கிறது என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் அனுப்பி வைப்பார்கள்.

மகன் எந்த மலையில் நிற்கிறான் என்று தெரியாமலேயே வருடக்கணக்கில் கடிதம் எழுதிய தாய்மார்கள் நம் ஊரில் உண்டு. அந்தத் தெரியாமைதான் அவர்களுடைய பிள்ளைக்குப் பாதுகாப்பாக இருந்தது. வழியில் கடிதம் யார் கையில் சிக்கினாலும், உறையைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

கடிதக் காலத்தில் முகவரி காத்த ரகசியத்தை, செல்போன் காலத்தில் யார் காப்பது? ஒவ்வொரு சிப்பாயும் அவருடைய குடும்பமும்தான். இதற்காகவே உலகம் முழுவதும் ராணுவங்கள் ஒரு பாடத்தைச் சொல்லிக் கொடுக்கின்றன. அதன் பெயர் 'ஆபரேஷன்ஸ் செக்யூரிட்டி'. சுருக்கமாக 'ஓப்செக்'. தமிழில் 'நடவடிக்கைப் பாதுகாப்பு' என்று சொல்லலாம்.

உளவாளியைத் தேடப் போனவர்கள் கண்டது

இந்தச் சொல் பிறந்த கதை சுவையானது. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம். அமெரிக்காவின் பி-52 ரக விமானங்கள் குண்டு வீசக் கிளம்பும். ஆனால், பல சமயங்களில் அவை போய்ச் சேருவதற்குள் எதிராளிகள் இடத்தைக் காலி செய்திருப்பார்கள். திட்டம் முன்கூட்டியே எப்படித் தெரிகிறது? நமக்குள்ளேயே உளவாளி இருக்கிறானா, சங்கேத மொழியை உடைத்துவிட்டார்களா என்று அமெரிக்கத் தளபதிகள் குழம்பினார்கள்.

1966-ம் ஆண்டின் இறுதியில் ஒரு குழு ஆய்வில் இறங்கியது. அந்த ஆய்வுக்கு 'பர்ப்பிள் டிராகன்' என்று பெயர். அந்தக் குழு ஒரு புதுமையான காரியம் செய்தது. 'உளவாளி எங்கே?' என்று தேடாமல், 'எதிராளியின் இடத்தில் நாம் உட்கார்ந்திருந்தால் நம்மைப் பற்றி என்னவெல்லாம் தெரியும்?' என்று பார்த்தது. திட்டம் போடும் மேஜையிலிருந்து விமானம் திரும்பி வரும் வரை ஒவ்வொரு படியாகக் கவனித்தது.

கிடைத்த விடை எல்லோரையும் அசர வைத்தது. வானில் பயணிகள் விமானத்தோடு மோதிவிடக் கூடாது என்பதற்காக, பி-52 விமானங்கள் எந்த நேரத்தில், எந்த உயரத்தில் பறக்கும் என்பதை சிவில் விமானக் கட்டுப்பாட்டு மையங்களுக்கு முன்கூட்டியே தெரிவித்து வந்தார்கள். மணிலாவுக்கும் சைகோனுக்கும் போன அந்தத் தகவல், அங்கிருந்து வழக்கமான விமான அறிவிப்பாகப் பல இடங்களுக்கும் பரவியது. இன்னொரு பக்கம், விமானங்கள் கிளம்பும் குவாம் தீவுக்கு அருகில் ஒரு சோவியத் கப்பல் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வானொலியில் பேசும்போது பயன்படுத்திய அடையாளப் பெயர்களோ மாறாமல் திரும்பத் திரும்ப வந்தன.

யாரும் எதையும் திருடவில்லை. வழக்கமான நல்ல காரியங்களே காட்டிக் கொடுத்தன. இந்த ஆய்வுக் குழுதான் 'ஆபரேஷன்ஸ் செக்யூரிட்டி' என்ற பெயரையே உருவாக்கியது. 1988-ல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட உத்தரவு, இதை அமெரிக்க அரசுத் துறைகள் பலவற்றுக்கும் பொதுவான திட்டமாக்கியது.

வாசலில் கோலம் இல்லையென்றால்...

பெயர்தான் பெரிது, விஷயம் நம் வீட்டு விஷயம்தான்.

ஒரு வாரம் ஊருக்குப் போகிறோம். பூட்டு நல்ல பூட்டு. சாவி நம் இடுப்பில். ஆனால், வாசலில் நான்கு நாள் பேப்பர் அப்படியே கிடக்கிறது. கோலம் இல்லை. இரவில் விளக்கு எரியவில்லை. காலையில் பால் பாக்கெட் பையும் தொங்கவில்லை. திருடனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அதனால்தான் விவரமான குடும்பத் தலைவிகள் ஊருக்குக் கிளம்பும் முன் பேப்பரை நிறுத்தச் சொல்வார்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம், "வாசலுக்கு ரெண்டு கோடு இழுத்து விடுங்கக்கா, ராத்திரி லைட்டைப் போட்டு விடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எதைக் காக்க வேண்டும், யாரிடமிருந்து காக்க வேண்டும், எந்த வழியில் தெரிந்துவிடும், தெரிந்தால் எவ்வளவு நஷ்டம், அதைத் தடுக்க என்ன செய்யலாம்? ஓப்செக் பயிற்சியில் சொல்லித் தரும் ஐந்து படிகள் இவைதான். படிக்காமலேயே நம் வீட்டுப் பெண்கள் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குத் தெரிந்த இந்தச் சூட்சுமம், கையில் செல்போன் வந்ததும்தான் மறந்துபோகிறது.

ஒரு ஸ்டேட்டஸ் நிறுத்திய நடவடிக்கை

2010-ம் ஆண்டு மார்ச் மாதம். இஸ்ரேல் ராணுவம் மேற்குக் கரையில் உள்ள ஒரு கிராமத்தில் திடீர் சோதனைக்குத் திட்டமிட்டிருந்தது. அதில் பங்கேற்க இருந்த ஒரு சிப்பாய், தன் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு பதிவு போட்டார். புதன்கிழமை இந்த ஊருக்குப் போகிறோம், வியாழக்கிழமை வீட்டுக்கு வருகிறோம் என்ற அளவில்தான் இருந்தது அந்தப் பதிவு. வீட்டுக்கு வரப் போகும் சந்தோஷம் அவருக்கு.

கூட இருந்த சிப்பாய்கள் அதைப் பார்த்துப் பதறி, மேலதிகாரிகளிடம் சொன்னார்கள். சோதனையே ரத்து செய்யப்பட்டது. பதிவு போட்டவருக்கு 10 நாள் சிறைத் தண்டனை கிடைத்தது. சக சிப்பாய்கள் கவனிக்காமல் விட்டிருந்தால், அந்த ஊரில் அவர்களுக்காக யாராவது காத்திருந்திருப்பார்கள்.

இது வாயால் சொன்னது. வாயே திறக்காமல் படமும் பேசும். 2007-ல் இராக்கில் இருந்த அமெரிக்கத் தளத்துக்குப் புதிதாக சில ஹெலிகாப்டர்கள் வந்து இறங்கின. சிப்பாய்கள் ஆசையாகப் படம் எடுத்து இணையத்தில் போட்டார்கள். படத்தோடு சேர்ந்து, அது எடுக்கப்பட்ட இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் போனது அவர்களுக்குத் தெரியவில்லை. எதிராளிகள் அந்த இடத்தைக் குறிவைத்து மோர்ட்டார் குண்டு வீசியதில் நான்கு அப்பாச்சி ஹெலிகாப்டர்கள் அழிந்தன. அமெரிக்க ராணுவமே பின்னர் தன் வீரர்களுக்குப் பாடமாகச் சொன்ன சம்பவம் இது.

நம் செல்போன் கேமராவிலும் இதே வசதி உண்டு. லொகேஷன் அனுமதி கொடுத்திருந்தால், எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் இடக்குறிப்பு சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். சில ஆப்கள் படத்தை அனுப்பும்போது அதை நீக்கிவிடும். படத்தையே டாக்குமென்ட்டாக அனுப்பினால் பெரும்பாலும் அப்படியே போய்விடும்.

ஓடிய கால்கள் வரைந்த வரைபடம்

எழுதவும் இல்லை, படமும் எடுக்கவில்லை. சும்மா ஓடினால்கூடத் தெரிந்துவிடுமா? தெரிந்துவிடும் என்று காட்டியது 'ஸ்ட்ராவா'.

ஓட்டம், சைக்கிள் என்று உடற்பயிற்சி செய்பவர்களின் தூரத்தையும் பாதையையும் பதிவு செய்யும் ஆப் அது. 2017 நவம்பரில் அந்த நிறுவனம் ஓர் உலக வரைபடத்தை வெளியிட்டது. மக்கள் ஓடிய பாதைகள் எல்லாம் அதில் ஒளிக்கோடுகளாக மின்னின. பெரிய நகரங்கள் எல்லாம் ஜொலித்தன. பார்க்க அவ்வளவு அழகு.

2018 ஜனவரியில், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த 20 வயதுக் கல்லூரி மாணவர் நேதன் ரூசர் அந்த வரைபடத்தை உற்றுப் பார்த்தார். சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற இடங்களில் இருண்ட பாலைவனத்துக்கு நடுவே சின்னச் சின்னதாக ஒளி வட்டங்கள். உள்ளூர்வாசிகள் இந்த ஆப்பைப் பெரிதாகப் பயன்படுத்தாத இடத்தில் யார் ஓடுகிறார்கள்? ராணுவத் தளத்துக்குள் காலை ஓட்டம் ஓடிய வெளிநாட்டுச் சிப்பாய்கள்தான். அவர்கள் கையில் கட்டியிருந்த கருவி, தளத்தின் சுற்றுச்சுவரையும் உள்ளே நடமாடும் பாதைகளையும் கோடு போட்டுக் காட்டிவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, நடவடிக்கைப் பகுதிகளில் இருக்கும் வீரர்கள் இருப்பிடம் காட்டும் வசதிகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது.

அதோடு பாடம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. 2024 அக்டோபரில் பிரான்ஸின் 'லெ மோந்த்' பத்திரிகை, உலகத் தலைவர்களின் மெய்க்காப்பாளர்கள் அதே ஆப்பில் போட்ட ஓட்டப் பதிவுகளை வைத்தே தலைவர்கள் தங்கும் இடங்களைக் கண்டுபிடிக்க முடிகிறது என்று எழுதியது. பயிற்சி பெற்ற மெய்க்காப்பாளர்களே மறந்துவிடுகிறார்கள் என்றால், பாசத்தில் இருக்கும் குடும்பத்தினர் மறப்பதில் ஆச்சரியம் இல்லை.

புத்தாண்டு இரவின் போன்கள்

2023 ஜனவரி 1. புத்தாண்டு பிறந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. உக்ரைனில் ரஷ்யாவின் பிடியில் இருந்த மகீவ்கா நகரில், ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளிக் கட்டடத்தில் ரஷ்யச் சிப்பாய்கள் தங்கியிருந்தார்கள். உக்ரைனின் ராக்கெட்டுகள் அந்தக் கட்டடத்தைத் தாக்கின. 89 பேர் இறந்ததாக ரஷ்யா அறிவித்தது. இறப்பு இன்னும் அதிகம் என்றது உக்ரைன்.

தடையை மீறி சிப்பாய்கள் கூட்டமாக செல்போன் பயன்படுத்தியதே முக்கியக் காரணம் என்றது ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம். அத்தனை பேரை ஒரே கட்டடத்தில் தங்க வைத்தது யார் தவறு, பழியைச் செத்தவர்கள் மீது போடலாமா என்று ரஷ்யாவிலேயே கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால், ஒரே இடத்தில் நிறைய போன்கள் உயிரோடு இருப்பது, அந்த இடத்தில் நிறைய மனிதர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடும். அதை யாரும் மறுக்கவில்லை.

புத்தாண்டு இரவில் ஒரு சிப்பாய் யாருக்கு போன் செய்வார்? வீட்டுக்குத்தான்.

எல்லையில் இருப்பவர் இரண்டு நாள் பேசவில்லை என்றால் வீட்டில் இருப்பவர்களுக்குச் சோறு இறங்காது. ஆனால், "ஏன் போன் எடுக்கல? எங்க இருக்கே? வீடியோ கால் பண்ணிக் காட்டு" என்று நெருக்குவதற்கு முன் இந்தக் கட்டடத்தை ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம். போன் எடுக்காமல் இருப்பதே அவர் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியாக இருக்கலாம்.

மும்பை கற்றுக் கொடுத்த பாடம்

இது சிப்பாய் குடும்பங்களுக்கு மட்டுமான விஷயம் அல்ல. 2008 நவம்பர் 26 இரவு தொடங்கிய மும்பைத் தாக்குதலை நாடே மூன்று நாட்கள் டி.வி-யில் பார்த்தது. 166 பேர் உயிரிழந்த கொடூரம் அது. 28-ம் தேதி காலை, நரிமன் ஹவுஸ் கட்டடத்தின் மாடியில் ஹெலிகாப்டரிலிருந்து கயிறு வழியாகக் கமாண்டோக்கள் இறங்கியதை, மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடிக்கணக்கானோர் நேரலையில் பார்த்தார்கள்.

பாகிஸ்தானில் இருந்துகொண்டு பயங்கரவாதிகளை போனில் இயக்கியவர்களும் அதே டி.வி-யைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கே யார் வருகிறார்கள் என்று அங்கிருந்தபடியே உள்ளே இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். அந்த உரையாடல்கள் பின்னர் நீதிமன்றத்தில் ஆதாரமாக வந்தன. 2012 ஆகஸ்டில் கசாப்பின் மேல்முறையீட்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்த நேரலையைக் கடுமையாகக் கண்டித்தது. அதனால் வீரர்களுக்கு உயிரிழப்போ காயமோ ஏற்பட்டதா என்று கண்டறிய முடியாது. ஆனால், அவர்களுடைய பணியை அது மிகக் கடினமாகவும் ஆபத்தாகவும் ஆக்கியதில் சந்தேகமே இல்லை என்றது நீதிமன்றம்.

பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலையில் காட்டக் கூடாது, அதிகாரி அவ்வப்போது தரும் தகவலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று 2015-ல் கேபிள் டி.வி விதிகளில் திருத்தம் வந்தது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு மத்திய அரசு வெளியிட்ட அறிவுரை, டி.வி-க்களுக்கு மட்டுமன்றி சமூக ஊடகத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது. ஏனென்றால், இப்போது ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு டி.வி நிலையம் இருக்கிறது. ரயில்வே கேட்டில் நிற்கும்போது ராணுவத் தளவாடங்கள் ஏற்றிய ரயில் போகிறது என்று ஆர்வமாக வீடியோ எடுத்து ரீல்ஸ் போடுபவரும் ஒரு நேரலைதான் செய்கிறார்.

நடந்தது பற்றிக் கேள்வி கேட்கவே கூடாது என்பதல்ல இதன் பொருள். நடவடிக்கை முடிந்த பிறகு அலசலாம், கணக்குக் கேட்கலாம். ஆனால், நாளைக்குச் செய்தியாக இருக்கும் ஒரு தகவல், இன்றைக்குச் சொல்லப்பட்டால் குறியாகிவிடும்.

"சார், ஹெட்குவார்ட்டர்ஸ்லேருந்து பேசுறோம்..."

துண்டுத் தகவல் தானாகக் கிடைக்கவில்லை என்றால், கேட்டு வாங்குவார்கள். 2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் சமயத்தில், இந்தியப் பாதுகாப்பு அதிகாரிகள் போலப் பேசி விவரம் கேட்கும் அழைப்புகள் வருவதாக எச்சரிக்கை விடுக்கப்பட்டது. இந்திய எண்ணிலிருந்தே அழைப்பு வரும். குரலில் அதிகாரம் இருக்கும். நமக்கு ஏற்கெனவே தெரிந்த இரண்டு உண்மைகளை அவரே சொல்வார். அதில் நம்பிக்கை வந்ததும் மூன்றாவதை நம் வாயாலேயே சொல்ல வைப்பார்.

அந்த முதல் இரண்டு உண்மைகள் அவருக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும்? யாரோ ஒருவரின் ஸ்டேட்டஸிலிருந்துகூடக் கிடைத்திருக்கலாம்.

அழகான பெண்ணின் படத்தோடு வரும் நட்பு அழைப்பு, 'நானும் ஆர்மி வைஃப்தான்' என்று குரூப்பில் வந்து சேரும் முகம் தெரியாத 'சகோதரி', சிப்பாய்களின் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் என்று சொல்லி அப்பாவின் யூனிட், இடம், பதவி எல்லாம் கேட்கும் படிவம் என்று வேஷங்கள் பலவிதம். 2020 ஜூலையில் இந்திய ராணுவம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்களை போனிலிருந்து நீக்கும்படி தன் வீரர்களுக்கு உத்தரவிட்டது. இதை எதிர்த்து ஓர் அதிகாரி டெல்லி உயர் நீதிமன்றம் போனார். நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. விதி வீரருக்கு. ஆனால், அவருடைய மனைவி, தங்கை, மச்சான் போன்களில் எல்லா ஆப்களும் அப்படியேதான் இருக்கின்றன. அங்கே உத்தரவு போட யாரும் இல்லை. நாமேதான் நமக்கு உத்தரவு போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் இதைச் செய்யலாம்

தேதியும் இடமும் வேண்டாம்: கிளம்பும் நாள், ரயில், போகும் இடம், திரும்பி வரும் நாள் எதுவும் ஸ்டேட்டஸில் வேண்டாம். 'ஆறு மாசம் கழிச்சுத்தான்' என்பதும் ஒரு தேதிதான்.

படத்தின் பின்னணியைப் பாருங்கள்: பெயர்ப் பலகை, வாகன எண், மலை, கட்டடம், சீருடைச் சின்னம், கூட நிற்கும் வீரர்களின் முகம் எல்லாமே தகவல்கள். அவர் அனுப்பும் படங்களை ஃபார்வேர்டு செய்யும் முன் அவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள்.

லொகேஷனை அணையுங்கள்: கேமரா, உடற்பயிற்சி ஆப், ஸ்மார்ட் வாட்ச் ஆகியவற்றின் இருப்பிட அனுமதியைப் பாருங்கள். விடுமுறையில் வந்திருக்கும்போது அவர் போனையும் சேர்த்து ஒரு முறை சரிபார்த்துவிடலாம்.

குரூப்பை நம்பி மனதைத் திறக்காதீர்கள்: நூறு பேர் இருக்கும் குரூப்பில் நமக்கு உண்மையிலேயே தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஒருவர் போன் தொலைந்தாலும் குரூப் முழுவதும் வெளியே போய்விடும்.

போனில் கேட்டால் சொல்லாதீர்கள்: யாராக இருந்தாலும், "அவரு வந்ததும் பேசச் சொல்றேங்க" என்று வைத்துவிடலாம். சந்தேகமாக இருந்தால் உடனே அவருக்கோ, அவருடைய யூனிட்டுக்கோ தெரியப்படுத்துங்கள்.

வீட்டு நிலவரத்தையும் சேர்த்து யோசியுங்கள்: 'வீட்டுக்காரர் ஆறு மாசம் இல்ல, நானும் குழந்தையும் தனியா இருக்கோம்' என்ற பதிவு, எல்லைக்கு அப்பால் இருப்பவனைவிட நம் தெருவில் இருப்பவனுக்கு அதிகம் உதவும்.

பிள்ளைகளிடம் பேசுங்கள்: "அப்பா எங்கே?" என்று யார் கேட்டாலும் "டூட்டிக்குப் போயிருக்காங்க" என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். அது பொய் இல்லை. அதனால் குழந்தைக்கும் குற்ற உணர்ச்சி வராது.

பெருமையை எங்கே வைப்பது?

எளிதாகச் சொல்லிவிடலாம், கடைப்பிடிப்பது கஷ்டம். பிள்ளையை எல்லைக்கு அனுப்பிவிட்டு நெஞ்சு நிறையப் பெருமையும் வயிறு நிறையப் பயமுமாக இருக்கும் ஒரு தாய்க்கு, நாலு பேரிடம் சொன்னால்தான் பாரம் இறங்கும். 'சொல்லாதே' என்று அவர் வாயைக் கட்டுவது கொடுமை. ஓப்செக் அப்படிச் சொல்லவும் இல்லை.

பயத்தைச் சொல்லலாம். "மனசு சரியில்லக்கா, ராத்திரி தூக்கமே வரல" என்று பக்கத்து வீட்டு அக்காவின் தோளில் சாய்ந்து அழலாம். அதில் இடமும் இல்லை, தேதியும் இல்லை. சக சிப்பாய் குடும்பங்களோடு நேரில் உட்கார்ந்து பேசலாம். பெருமையையும் சொல்லலாம். கொஞ்சம் தாமதமாகச் சொன்னால் போதும். அவர் வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்ட பிறகு அந்தப் படத்தைப் போட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

மீண்டும் அந்தக் காட்பாடி பிளாட்பாரத்துக்கு வருவோம். அதே ரயில், அதே முறுக்கு டப்பா, அதே கண்ணீர். தங்கை அதே செல்ஃபியை எடுக்கிறாள். ஆனால், இந்த முறை அதை எங்கும் போடவில்லை. அண்ணன் அடுத்த விடுமுறைக்கு வந்து இறங்கும் நாளில் போடலாம் என்று போனுக்குள் பத்திரமாக வைத்துக்கொள்கிறாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், தெருமுனையில் கோலமாவு வாங்கிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டு அக்கா கேட்கிறார்.

"என்னம்மா, பையன் கிளம்பிட்டானா? இந்தத் தடவை எந்த ஊரு?"

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

"டூட்டிக்குப் போயிருக்கான்க்கா. நல்லபடியா வரணும்னு வேண்டிக்கோங்க."